சேகரித்தவர் என்ற வரி

ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவன், அவர் எப்படிப்பட்டவர் என்பதையாவது முன்கூட்டித் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. நான்கு ஆண்டுகள், வாரத்துக்கு இருமுறை, சிப்பிகாட்டின் மாமரங்களுக்கு அடியில் அவருடன் காலைப் பொழுதைக் கழித்திருக்கிறேன். அவர் பேசியதில் பாதியை இன்றும் அப்படியே ஒப்பிக்க என்னால் முடியும். ஆயினும் அவர் பணிவானவரா, குறும்புக்காரரா, என்னை மன்னித்தவரா, மன்னிக்க ஏதும் இருந்ததாகவே நினைக்காதவரா என்று கேட்டால், விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், படிக்காமல் தேர்வுக்கு வந்த மாணவனைப் போல விழிக்க வேண்டியதுதான். அந்த விழிப்பை மறைத்துக்கொண்டு எழுதவும் எனக்குத் தெரியும். இம்முறை மறைக்க வேண்டாமென்று நினைக்கிறேன்.

எல்லோரும் அவரைக் கச்சால் அம்மா என்று அழைத்தார்கள். தெற்கே நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கடல் ஊருக்குள் புகுந்த அந்த ஆண்டுக்குப் பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்து, சிப்பிகாட்டில் ஒருவருடைய பழத்தோட்டத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அப்போதே ஐம்பதைக் கடந்திருந்தார். குட்டையான உடம்பு, அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீண்ட, சுறுசுறுப்பான விரல்கள். வெற்றிலை போட்ட வாய். பேச்சில் மலைநாட்டுத் தமிழும் தீவின் இந்தியும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

அவரை நான் வேலைக்குச் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அறிவார்ந்த காரணம் என்றே அப்போது நம்பினேன். நான் தேடிய உயிரினம் மரப்பட்டையின் இடுக்குகளில் வாழ்வது. ரப்பர் மரத்தில் பால் எடுத்தவருக்கு, மரம் நோகாமல் பட்டையை நீக்கத் தெரிந்திருக்கும். இதைத் தவிர அவரைப் பற்றி வேறு எதையும் நான் விசாரிக்கவில்லை.

உயிரினத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. மரவட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவது, தொட்டால் சக்கரமாகச் சுருளும் பளபளப்பான கரும்பழுப்புப் பிராணி. நான் ஆராய்ந்த குடும்பமும் அந்த வகுப்பைச் சேர்ந்ததே. ஆனால் முகத்தில் உறவு தெரியாது. நீளம் மூன்று மில்லிமீட்டரை ஒட்டி. கடினமான ஓடு கிடையாது. மெல்லுடம்பின் மேல் வரிசை வரிசையாகச் சிலிர்த்து நிற்கும் மயிர்கள், பின்முனையில் ஒரு குஞ்சம். சுருளாது, நஞ்சும் சுரக்காது. எறும்பு பிடித்தால், குஞ்சத்தின் மயிர்களைக் கழற்றி எறும்பின் வாயிலும் காலிலும் சிக்கவைத்துவிட்டுத் தன்பாட்டில் நகர்ந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவரும்போது இதற்கு மூன்று இணைக் கால்கள்தாம். தோலுரிக்கத் தோலுரிக்கக் கால்கள் கூடும். நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, முடிவில் பதின்மூன்று. பதின்மூன்று இணை வந்துவிட்டால் அது வளர்ந்த பிராணி; அதற்குப் பிறகும் தோலுரிக்கும், ஆனால் கால் கூடாது.

இந்தக் குடும்பத்துக்குள் இனம் பிரிப்பவர்கள் உணர்கொம்பின் நுனியருகே உள்ள நுண்முளைகளை எண்ணுவார்கள். தலையின் மயிர் வரிசைகளையும் குஞ்சத்தின் அமைப்பையும் வரைந்து ஒப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கால்களை எண்ணுவார்கள். மற்ற மரவட்டைகளில் ஆணின் இணைவிழைச்சுக் கால்களைப் பார்த்து இனத்தை உறுதி செய்யலாம். இதில் அப்படி ஓர் உறுப்பே இல்லை. பல இடங்களில் ஆணே இல்லை. பெண்கள் தாமாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. ஆக, கையிலிருப்பது வளர்ந்து முடிந்ததா, இன்னும் ஒரு படி ஏற வேண்டியதா என்ற முதற் கேள்வியில் தவறினால், அதற்கு மேல் கட்டியதெல்லாம் தவறாகிவிடும். இதை வகுப்பறையில் எத்தனையோ முறை மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள், ஒன்றைத் தூரிகை நுனியில் எடுத்து, லென்ஸ் வழியே அவருக்குக் காட்டினேன்.

"இதுவா மரவட்ட? சுருளவே மாட்டேங்குதே சார்."

"சுருளாத வகை அம்மா."

"குஞ்சத்த பாருங்க, சாமி குதிர மாதிரி. இதுக்கு என்ன பேரு?"

"குடும்பத்துக்குப் பெயர் உண்டு. இந்தத் தோட்டத்தில் இருப்பது எந்த இனம் என்று இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவேளை, இதுவரை பெயரே வைக்கப்படாததாக இருக்கலாம்."

"பேரே இல்லாததயா தேடி வந்தீங்க? அப்ப கெடச்சிருச்சுன்னு எப்பிடி மாலூம் ஆகும்?"

நான் விடை சொன்னேன். மயிர் வரிசை, உணர்கொம்பு, கால்களின் எண்ணிக்கை என்று விளக்கமாகவே சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "சார் பேசறது ரேடியோ மாதிரி இருக்கு. நடுவுல நிப்பாட்டவே முடியல" என்றார். அது பாராட்டா என்று அன்று யோசித்தேன். இன்றும் யோசிக்கிறேன்.

பிறகு நான் ஓர் அறிவுரை கொடுத்தேன். சொற்கள் துல்லியமாக நினைவிருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. "நல்லதாகப் பார்த்து எடுங்கள் அம்மா. உதவாததை எடுக்க வேண்டாம்." நசுங்கியதையும் மயிர் உதிர்ந்ததையும் தவிர்க்க வேண்டுமென்பது என் கருத்து. அவர் உடனே தலையசைத்தார். "அது எனக்குச் சொல்லணுமா சார்? பக்கா."

தோட்டத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அதில் குடையின் கீழ் உட்கார்ந்திருப்பேன். அவர் மரத்தடியில் மண்டியிட்டுப் பட்டையிடுக்கைக் கிளறுவார். ஓர் ஆராய்ச்சியாளர் தாமே குனிந்து தேட வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயம். என் தகப்பனார் தூத்துக்குடிக் கரையில் வலை பின்னியவர். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஈரமண்ணில் கையும் காலும் ஊன்றி வேலை செய்யும் நிலையிலிருந்து எழுந்து வருவதற்கு எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை ஆயிற்று. கோயிலில் தவிர வேறெங்கும் நான் மண்டியிடுவதில்லை என்று வைத்திருந்தேன். கல்லூரியிலும் தோட்டத்திலும் எனக்கு மதிப்பு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்று நம்பினேன்.

அவர் வேலை செய்யும் விதத்தில் ஒன்றை மட்டும் கவனித்தேன். ஈரத் தூரிகையால் பிராணியைத் தொட்டு எடுத்ததும், அவருடைய கை முதலில் தோளுக்குப் பின்னால் போகும். பாதி வழியில் எதையோ நினைத்துக்கொண்டது போல் நின்று, திரும்பி, மடியில் செருகியிருந்த ஸ்பிரிட் குப்பிக்கு வரும். ஒவ்வொரு முறையும் இப்படியே. கொசுவை விரட்டுகிறார் என்று எண்ணினேன். கவனிப்பது என் தொழில், அதனால் கவனித்தேன். ஏனென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

என் மனைவிக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. குப்பிகளைக் கொடுக்க மின்னி பேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் இருவரும் காய்கறி வாங்கச் சேர்ந்தே போவார்கள். "உங்க கச்சால் அம்மா கை பட்டா வெண்டக்காயெல்லாம் பிஞ்சாவே வருது. நுனிய ஒடிச்சே பாக்க மாட்டாக, கண்ணால பாத்தே எடுக்காக. கடக்காரன் என்னையும் சேத்து மொறைக்கான்" என்று வந்து சொல்வாள். இதை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். ஒரு தரவு என் வீட்டுச் சமையலறை வரை வந்து நின்றதை அறியவில்லை.

வகைப்படுத்துவதில் அவருக்கும் ஒரு முறை இருந்தது. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னார்:

"இந்தத் தீவுல ரெண்டு சாதிதான் சார். கப்பல்ல வந்தவங்க ஒண்ணு. கப்பலப் பாத்துக்கிட்டே நிக்கிறவங்க ஒண்ணு. பெங்காலியோ தெலுங்கோ மலையாளியோ, எல்லாம் இதுக்குள்ள அடக்கம்."

"நீங்கள் எதில் சேர்த்தி?"

"நான் ரெண்டு கப்பல் ஏறி எறங்கியாச்சு. இனி எவன் கூப்பிட்டாலும் ஏற மாட்டேன். சார்தான் ரெண்டுலயும் இல்ல போல. லீவு விட்டா மெயின்லேண்டு போறீங்க. போனதும் திரும்பி வந்துர்றீங்க."

மூன்றாவதாக ஒரு பிரிவு வைக்கலாமே என்றேன். "ஒரு ஆளுக்காக ஒரு சாதியா?" என்று சிரித்தார். ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு புதிய இனம் அறிவிக்கக் கூடாது என்பது எங்கள் துறையிலும் நல்ல வழக்கந்தான். இதை அவர் எங்கிருந்து அறிந்தார்?

இனி என் பிழைக்கு வருகிறேன். முதல் பருவம் முழுவதும் அவர் சேகரித்த பிராணிகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் எண்ணினேன். பன்னிரண்டு இணைக் கால்கள். அடுத்ததும் பன்னிரண்டு. பத்தும் இல்லை, எட்டும் இல்லை, பதின்மூன்று மருந்துக்கும் இல்லை. மழைக்கு முன்னும் பன்னிரண்டு, மழைக்குப் பின்னும் பன்னிரண்டு. இதே வரிசையைச் சேர்ந்த சில பிராணிகள் பதின்மூன்றை எட்டாமலே வளர்ச்சியை முடித்துக்கொள்வதாகப் படித்திருந்தேன். இரண்டாம் காலின் அடியில் பெண்ணுக்குரிய அடையாளம் தொடங்கியிருந்தது. தொடங்கியதை முடிந்ததாகக் கொண்டேன். இந்தத் தீவில், இந்தத் தோட்டத்தில், பன்னிரண்டிலேயே நின்றுவிடும் ஒரு தனி இனம்! ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் லேபிள் ஒட்டினேன். லேபிளில் ஐந்து வரிகள் உண்டு: இடம், மரம், நாள், சேகரித்தவர், இனம். நான் முதலில் நிரப்பியது கடைசி வரியை. நானே வைத்த புதிய பெயரால். சேகரித்தவர் என்ற வரியில் என் பெயரை எழுதினேன். அது வழக்கந்தான். ஆய்வாளர் பெயரை எழுதுவதே வழக்கம்.

கல்லூரியில் செய்தி பரவியது. முதல்வர், வங்காளத்தவர், நல்ல மனிதர், ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார். சால்வை போர்த்தினார்கள். மெயின்லேண்டில் இருந்த ஒரு வல்லுநருக்குத் தகடுகளில் சிலவற்றை அனுப்பியிருந்தேன்; அவர் ஒப்பினால் கட்டுரை அச்சுக்குப் போகும். ஆறு வாரம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. மிகுந்த மரியாதையுடன் எழுதப்பட்ட, மிகச் சிறிய கடிதம். மாதிரிகளில் ஒன்றிலும் முட்டை காணப்படவில்லை; முட்டையுடன் கூடிய ஒன்றையோ, தோட்டத்தில் கிடைப்பதிலேயே பெரிய சிலவற்றையோ தயவுசெய்து அனுப்புக.

மறுநாளே சிப்பிகாட்டுக்குப் போனேன்.

"அம்மா, இந்தமுறை இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுங்கள்."

"பெருசுன்னா? முத்தினதா?"

"ஆம், முற்றியது."

"அத ஏன் சார்? அது ஒதவாதே."

"உதவாது என்று யார் சொன்னது?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "யாரு சொல்லணும்? முத்தினது கூடையில கெடந்தா கங்காணி கூடையவே கவுத்துப் போடுவான்."

"கச்சாலில் ரப்பர்ப் பாலுக்குக் கூடையா?"

"கச்சால்ல ஏது கூட, அங்க வாளி. நான் சொல்றது ஊர்ல சார். மலையில. கல்யாணம் கட்டி, கப்பலேத்தி விடுற வரைக்கும் தேயிலக் கொழுந்துதான எடுத்தேன், சிலோன்ல, கண்டி பக்கம். ரெண்டு எல, ஒரு மொட்டு. பொடிசா இருந்தா விட்டுறணும், அது அடுத்த வாட்டிக்கு. முத்தினத தொடக் கூடாது, அது செடிக்கு. ரெண்டுக்கும் நடுவுல உள்ளதுதான் நமக்கு. நல்லதாப் பாத்து எடுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொல்லும்போதே அவருடைய கை தோளுக்குப் பின்னால் போய், இல்லாத ஒரு கூடையில் எதையோ போட்டுவிட்டுத் திரும்பியது. அந்தக் கையை ஒரு பருவம் முழுவதும் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

"அப்படியானால், முற்றியதெல்லாம்?" என்று கேட்டேன்.

"கொல்லல சார், சத்தியமா. தூக்கி அந்தக் கடேசி மரத்துல, மேக்காலப் பக்கம் விட்டிருக்கேன். வந்து பாருங்க."

கடைசி மாமரத்தின் மேற்குப் பக்கம் பாசி படர்ந்து ஈரமாக இருந்தது. பட்டையின் உதடு தரையை ஒட்டியே விலகியிருந்ததால் நின்றுகொண்டு பார்க்க வழியில்லை. தோட்டத்தாட்கள் இருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மண்டியிட்டேன். லென்ஸை வைத்ததும் கண்டேன்: பருத்து, நிறம் ஏறி, நெருக்கமாக அவை ஊர்ந்துகொண்டிருந்தன. அன்று மாலை ஆய்வகத்தில் எண்ணினேன். பதின்மூன்று. பதின்மூன்று. அதற்கடுத்ததும் பதின்மூன்று, அதன் வயிற்றுக்குள் முட்டைகள். என் புதிய இனம் வேறொன்றுமில்லை. தீவுகளில் எங்கும் இருக்கக்கூடிய ஒரு சாதாரண இனத்தின் வளர்ந்து முடியாத பருவம்; தேயிலைக் கொழுந்து எடுத்த ஒரு கை அதைப் பொறுக்கி எடுத்து என் முன் வைத்தது.

இங்கே ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும், அவமானத்தில் அது மறந்துவிடக் கூடாது. நான் நுண்ணோக்கியில் ஒரு மணி நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணி அறிந்ததை, அவர் வெறும் கண்ணால், ஒரு நொடியில், ஒருமுறைகூடப் பிசகாமல் பிரித்திருக்கிறார். பத்து இணைக்கும் பன்னிரண்டுக்கும், பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை. எப்படி என்று பின்னர் ஒருநாள் கேட்டேன். "குஞ்சத்தப் பாருங்க. கொழுந்துல பளிச்சுன்னு இருக்கும். முத்தினா சாம்பல் ஓடிரும்." நூல்களில் நான் அதைப் படித்ததில்லை. உண்மையா என்று சோதித்தேன். பெரும்பாலும் உண்மை.

ஆனால் எண்ணி முடித்த அந்த மாலையில் நான் செய்தது சோதனை அல்ல. முதல்வரிடம் போனேன். புதிய குப்பிகளைத் தூக்கிக்கொண்டு கச்சால் அம்மாவும் என்னுடன் வந்து வாசலருகே நின்றார். கட்டுரையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது என்றேன். முதல்வர் திகைத்துப்போனார்.

"கைசே ஹுவா?" எப்படி நடந்தது என்று கேட்டார்.

"லேபர் கீ கல்தி, சார்" என்றேன்.

கூலியாளின் தவறு. இந்தியில் சொன்னால் அம்மாவுக்குப் புரியாது என்று நான் நினைத்தேன் என எவரும் எண்ண வேண்டாம். இந்தத் தீவில் இந்தி புரியாதவர் யார்? புரியுமென்று தெரிந்தேதான் சொன்னேன்.

வாசலிலிருந்து அவர் குரல் வந்தது, நிதானமாக. "ஹா சாப். மேரீ கல்தி." ஆமாம் ஐயா, என் தவறு.

முதல்வர் அவரைப் பரிவுடன் பார்த்தார். என் தோளைத் தட்டினார். சால்வை போர்த்திய கை. வல்லுநருக்கு அன்றிரவே கடிதம் எழுதினேன்: மாதிரிகள் பயிற்சியற்ற கூலியாள் ஒருவரால் சேகரிக்கப்பட்டமையால் பிழை நேர்ந்தது. கண்டுபிடிப்பு என்றபோது சேகரித்தவர் நான்; பிழை என்றபோது சேகரித்தவர் கூலியாள். என் பெயர் காப்பாற்றப்பட்டது. இன்றுவரை கல்லூரியில் எவரும் அதைக் குறித்து என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் அவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். குற்றம் சாட்டினால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன்; அழுதால் சமாதானம் சொல்லவும். அவர் இறங்கவேண்டிய இடம் நெருங்கியதும் திரும்பினார்.

"சார், அடுத்த வாரம் எத எடுக்க? கொழுந்தா, முத்தினதா?"

"இரண்டையும்."

"ரெண்டையும் எடுத்துட்டா மரத்துல என்ன இருக்கும்?"

இறங்கிப் போய்விட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் வந்தார். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் வந்தார். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை, முகம் மாறவில்லை, பகடியும் குறையவில்லை. நான் நாற்காலியைத் தோட்டக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மண்டியிட்டு அவருக்குப் பக்கத்து மரத்தில் தேடினேன். "தொரை கீழ எறங்கிட்டாரு, இனி மழ பேஞ்சிரும்" என்று ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார். அது கசப்பா, மகிழ்ச்சியா? மனைவியிடம் கேட்டேன்.

"அவுகளுக்குக் கோவம் இருந்தா கேட்டிருப்பாக. நீங்கதான் கேக்கல. என்ன, மன்னிப்புக் கேட்டீயளா?"

"சந்தர்ப்பம் வாய்க்கவில்லை."

"வாரத்துக்கு ரெண்டு நாளு வாய்க்கலயாக்கும்" என்றாள்.

என் மனத்தில் ஒரு விளக்கம் உருவாகி, சில நாள் நின்று, பின் கலைந்துபோகும். முற்றியதைத் தொடக் கூடாது என்பது அவருடைய விதி. காயில், இலையில், பூச்சியில் மட்டுமல்ல, மனிதரிலும் அதைப் பின்பற்றினாரோ? தோட்ட முதலாளியின் சிடுசிடுப்பை அவர் ஒருநாளும் எதிர்த்ததில்லை. கூட வேலை செய்த இளம்பெண்ணைச் சின்னத் தவற்றுக்கும் விடாமல் கண்டிப்பார். என்னையும் அப்படித்தான் தூரிகையால் மெல்லத் தூக்கி மேற்குப் பக்கம் விட்டாரோ? இல்லை, வேலை செய்பவர் தவற்றை ஏற்றுக்கொள்வதுதான் முறை என்று கங்காணிகளின் காலத்திலிருந்து பழகிவிட்டாரோ? இரண்டும் இல்லாமல், தம் கண்ணுக்குத் தப்பாத ஒன்று என் கண்ணுக்குத் தப்பியதற்காக உண்மையிலேயே இரக்கப்பட்டாரோ? பன்னிரண்டு என்று எண்ணினால் பன்னிரண்டு. மறுபடி எண்ணினால் வேறு.

அவருடைய மகளுக்கு வடக்கே திக்லிபூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவரும் அங்கேயே போய்விட்டார். நான் ஓய்வுபெற்றேன். அதற்கடுத்த மழைக்காலத்தில் திக்லிபூர்ப் பேருந்தின் நடத்துநர் தொலைபேசியில் அழைத்தார். "சார், உங்க தவாயி வந்திருக்கு." மருந்து என்றே அவர் நினைத்திருந்தார். பாக்கு மட்டையில் சுற்றிக் கயிறு கட்டிய சிறு குப்பி. உள்ளே ஸ்பிரிட்டில் எங்கள் பிராணிகள். கடிதம் கிடையாது. எண்ணினேன். எல்லாம் பதின்மூன்று. ஒரு கொழுந்துகூட இல்லை.

ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு குப்பி வருகிறது. எல்லாம் முற்றியவை. நான் ஒருநாள் 'இருப்பதிலேயே பெரியதாக' என்று கேட்டேன். அந்த ஆணை இன்னும் நடப்பிலிருப்பதாக அவர் கருதுகிறாரா? அல்லது ஆண்டுக்கொருமுறை என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா? திக்லிபூர் போய்ச் சேர ஒரு முழு நாள் போதும். நான் போகவில்லை. ஒவ்வொரு குப்பியையும் லேபிள் ஒட்டாமல் அலமாரியில் வைத்து வந்தேன்.

இந்த ஆண்டுக் குப்பி சென்ற வாரம் வந்தது. கண்ணில் திரை விழுந்துவிட்டதால் எண்ணுவதற்கு இப்போது எனக்கு நாளெல்லாம் ஆகிறது. பதின்மூன்று, பதின்மூன்று, பதின்மூன்று. கடைசியாகத் தகட்டில் ஏற்றியதற்குப் பன்னிரண்டு. அவருக்கும் வயதாகிவிட்டது, கை பிசகியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் அதன் வயிற்றுக்குள் பார்த்தேன். முட்டைகள் போல் ஏதோ இருந்தன. முட்டையா, காற்றுக் குமிழியா? குஞ்சத்தில் சாம்பல் ஓடியிருந்தது. முட்டை என்றால், பன்னிரண்டிலேயே நின்றுவிட்ட, வளர்ந்த பெண். நான் இழந்த அந்த இனம். குமிழி என்றால் ஒன்றுமில்லை. மூன்று நாள் மாறி மாறிப் பார்த்தேன். விரும்புவதைக் காண்பவன் நான் என்பது முன்பே நிரூபணமான விஷயம். ஒரே ஒரு மாதிரி. ஒரு ஆளுக்காக ஒரு சாதியா?

எதுவாயினும் லேபிள் எழுதியாக வேண்டும். தெரியாத பிராணிக்கும் லேபிள் உண்டு. இடம்: திக்லிபூர். மரம்: தெரியவில்லை. நாள்: குப்பி வந்து சேர்ந்த நாளை எழுதினேன். நான்காவது வரிக்கு வந்தபோது பேனா நின்றது. சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

"கச்சால் அம்மாவின் பெயர் என்ன?"

மனைவி ஈரக்கையுடன் வந்து வாசலில் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன சொல்லுதீய? பேரு தெரியாதா?"

"தெரியாது."

"நாலு வருசம் கூட வேல பாத்தாக. இத்தன மழைக்கும் குப்பி அனுப்புதாக. பூச்சிக்குப் பேரு இல்லன்னு ராத்திரியெல்லாம் முழிச்சியளே, அவுகளுக்கு ஒரு பேரு இருக்கும்னு தோணலயா?"

லேபிளை அவள் பக்கம் திருப்பினேன். பெயரை மட்டும் சொன்னாள். மலையில் பிறந்த பெண்களுக்கு அந்தக் காலத்தில் வைக்கும் எளிய பெயர். தகப்பனார் பெயரின் முதலெழுத்தையும் அவள் அறிந்திருந்தாள்.

சேகரித்தவர் என்ற வரியில் அதை எழுதினேன். இனம் என்ற வரியை வெறுமையாக விட்டேன். அந்தத் தகடு இப்போது வல்லுநருக்குப் போகும் பெட்டியில் இருக்கிறது. பழைய வல்லுநர் இல்லை, அவருடைய இடத்தில் இருப்பவருக்கு. கூடவே ஒரு கடிதமும் போகிறது. பயிற்சியற்ற கூலியாள் என்று நான் முன்பு எழுதிய வாக்கியம் எவ்வளவு பிழையானது என்பதை விளக்கும் கடிதம். அலமாரியிலிருந்து பழைய தகடுகளையும் இறக்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். அவற்றிலும் நான்காவது வரி மாற வேண்டும்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது முதன்முதலாக அச்சேற வேண்டியது அந்தத் தகட்டைப் பற்றிய அறிவியல் கட்டுரையில், சேகரித்தவர் என்ற இடத்தில். முட்டையோ குமிழியோ, அந்த இடத்தை நான் மறுபடியும் முந்திக்கொள்வது முறையாகாது.